பிள்ளையை வெளியே கொண்டுபோகலாமா?



  இம்மாத சுகாதாரப் பாடத்திற்கு, எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். "டாக்டரம்மா, பிள்ளையை வெளியே தூக்கிட்டுப் போகலாமா?"

கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காற்றும் பனியும் பட்டு என் பிள்ளைக்கு வியாதி அதிகமாகிவிடுமோ என்பது ஒன்று. என் பிள்ளையிடமிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்பது மற்றொன்று. தாய்மார் பெரும்பாலும் முதல் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்கள் மிகச் சிலர். அதைக் கேட்காமல் விட்டதினால் வந்த ஒரு துக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் குற்றமும் உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. ஞாயிறு விடுமுறைக்குப் பின் வரும் நாளாதலால், எங்கள் காத்திருக்கும் கூடத்தில் நிற்பதற்கும் இடமில்லை. பெருங்களத்தூர் பக்கமிருந்து இரண்டு வயதுள்ள ஒரு பையனைத் தாய் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சல், இருமல், மூக்கிலிருந்து நீர் வடிதல்; கண்கள் சிவந்திருந்தன. உடம்பில் தடிப்பு ஒன்றும் இல்லை. சீட்டு வாங்கிக்கொண்டு மின்விசிறியின் கீழே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் முறை வந்தபோது, பையனுடைய கன்னத்தின் உட்புறத்தில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருப்பதை எங்கள் டாக்டர் கண்டார். மணல்வாரி அம்மை. அதாவது தட்டம்மை. மறுநாள் முகத்தில் தடிப்பு எழும்பிற்று.

அதே பெஞ்சில், எடை பார்த்துக்கொண்டு போவதற்காக வந்த எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று தன் தாயின் மடியில் இருந்தது. நல்ல சுகமுள்ள குழந்தை. தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பதாம் மாதம் முடிந்த பிறகே போடப்படுவதால், அந்தக் குழந்தைக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சலோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மையும், அதைத் தொடர்ந்து நிமோனியாவும். ஐந்து நாள் பிராணவாயு வைக்கவேண்டியதாயிற்று. இரவு முழுவதும் சிஸ்டர்கள் முழங்காலில் நின்றார்கள். கர்த்தர் அந்த ஜீவனைத் திரும்பக் கொடுத்தார். ஆனால் அந்தத் தாய் எங்களிடம் கேட்டது இன்னும் எங்கள் நினைவை விட்டு நீங்கவில்லை: "நாங்க எங்கேயும் போகலையேம்மா. ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தோம்?"

தட்டம்மையைப் போல் வேகமாகப் பரவுகிற வியாதி உலகத்தில் மிகக் குறைவு. பாதுகாப்பு இல்லாத பத்துப் பேர் அந்தப் பிள்ளையோடு நெருங்கி இருந்தால் ஒன்பது பேருக்கு வரும். பிள்ளை எழுந்துபோன பின்னும் இரண்டு மணி நேரம் வரைக்கும் அந்த அறையின் காற்றில் கிருமி தங்கியிருக்கக்கூடும். இன்னும் மோசமான காரியம் என்னவென்றால், தடிப்பு எழும்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடுகிறது. தடிப்பு எழும்பி நான்கு நாள் வரைக்கும் பரவுகிறது. அம்மை என்று நாம் அறிந்துகொள்ளும்போது பாதிக் காலம் முடிந்துபோயிற்று. ஆகவே அந்தப் பெருங்களத்தூர் தாயின்மேல் நாங்கள் குற்றம் சுமத்தவில்லை. காய்ச்சலும் இருமலும் சிவந்த கண்ணுமாக ஒரு பிள்ளை வாசலில் நுழைந்தபோது, அதைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்தது நாங்கள்தான்.

இதைக் கேட்டு, "அப்படியானால் வீட்டிலேயே வைத்திருக்கலாமே" என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. தட்டம்மை கண்ட பிள்ளையை டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு வேளை வைட்டமின் 'ஏ' மருந்து கொடுத்தால் கண்பார்வையும் காக்கப்படும், மரணத்துக்கும் விலக்கலாம். மூச்சு வாங்குதல், பால் குடியாமை, ஓயாத வயிற்றுப்போக்கு, வலிப்பு, மயக்கமாகவே கிடத்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த ராத்திரியிலேயே கொண்டுவரவேண்டும். கொண்டுவரலாமா என்பதைவிட எவ்விதமாய்க் கொண்டுவருவது என்பதே கேட்கவேண்டியது. ஆபீஸ் நேரத்து மின்சார ரயிலிலும், ஏழு பேர் நெருக்கியடிக்கும் ஷேர் ஆட்டோவிலும் வேண்டாம். முன்னதாகப் போன் செய்து சொல்லிவிடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் ஒருவர் மட்டும் உள்ளே வந்து சொல்லட்டும், பிள்ளை மரத்தடியில் இருக்கட்டும். திறந்த வெளியில் காற்று கிருமியைக் கலைத்துப்போடும். மூடிய அறைதான் அதைச் சேர்த்து வைக்கிறது.

'வெளியே' என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு இடங்களைக் குழப்பிக்கொள்ளுகிறோம். ஆகாயத்தின் கீழே இருப்பதும் வெளியேதான். கல்யாண மண்டபத்துக்குப் போவதும் வெளியேதான். முதலாவதினால் பிள்ளைக்குச் சாதாரணமாய்த் தீங்கு இல்லை, மற்றவர்களுக்கும் மெத்தக் குறைவு. இரண்டாவதினால்தான் இத்தனை தொல்லையும். காய்ச்சல் தணிந்து, விளையாடத் தவிக்கிற பிள்ளையைச் சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் சற்று நேரம் உலாவ விடுவதில் தவறில்லை. அம்மை கண்ட பிள்ளைக்குக் கண் கூசுமாதலால் நிழலில் இருக்கட்டும். மார்கழிப் பனி காது வழியாய்ப் புகுந்து ஜுரத்தை மார்புக்கு இறக்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆயினும் வீசிங் உள்ள பிள்ளைகளுக்குக் குளிர்ந்த காற்று இரைப்பைக் கிளப்பும் என்பது மெய். போகிப் பண்டிகை அதிகாலையில் நம் தெருக்களில் எழும்பும் புகையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அன்று நெஞ்சுச் சளியுள்ள எந்தப் பிள்ளையையும் வெளியே எடுக்காதிருப்பது நலம்.

அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசுவாசக் குடும்பங்களில் நாம் அதை அஞ்ஞானம் என்று தள்ளிவிட்டோம். தெய்வக் குற்றம் என்ற பயம் நமக்கு வேண்டாம் என்பது சரியே. அம்மை கண்டால் மருந்து கொடுக்கக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்ற எண்ணத்தினால் எத்தனையோ பிள்ளைகளை இழந்திருக்கிறோம் என்பதும் மெய்தான். ஆனால் அந்த வேப்பிலை தெருவுக்கு ஒரு அறிவிப்பாகவும் இருந்தது. யாரும் உள்ளே போகமாட்டார்கள், அந்த வீட்டார் விசேஷங்களுக்கு வரமாட்டார்கள். பெரியம்மை இருந்த நாட்களில் அது அநேக உயிர்களைத் தப்புவித்திருக்கும். அந்தக் கொடிய வியாதிக்கான தடுப்பு மருந்து இங்கே கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில்தான் தயாராயிற்று. இந்தியாவில் 1975-ஆம் ஆண்டோடு அது முடிந்துபோயிற்று. வேப்பிலையை விட்டுவிட்ட நாம், அதோடு சேர்த்து அந்த அறிவிப்பையும் விட்டுவிட்டோம் என்று எங்களுக்குச் சில சமயம் தோன்றும். அம்மை கண்டு மூன்றாம் நாள் பிள்ளையைப் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்துவந்த நல்ல கிறிஸ்தவக் குடும்பங்களை நாங்கள் அறிவோம்.

வேதம் இந்தக் காரியத்தில் மௌனமாயிருக்கவில்லை. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை நாம் வேகமாய்ப் புரட்டிவிட்டுப் போகிறோம். சற்று நின்று வாசித்துப் பாருங்கள். சந்தேகமான தழும்பு கண்டால் ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்து, ஏழாம் நாளில் மறுபடியும் வந்து பார்க்கிறான். தேவையானால் இன்னும் ஏழு நாள். அடைத்து வைத்தவனைப் போய்ப் பார்க்கவேண்டிய கடமை ஆசாரியனுக்கு இருந்தது. எண்ணாகமம் 12-இல் மிரியாம் ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே வைக்கப்படுகிறாள். அவள் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படும் வரைக்கும் முழு ஜனமும் பிரயாணம் பண்ணாமல் காத்திருந்தது. ஒரு ஸ்திரீயினிமித்தம் அத்தனை ஜனமும் ஏழு நாள்! நாமோ பிள்ளையின் வியாதிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நாள் லீவு எழுதவும், வேலைக்கு இரண்டு நாள் லீவு போடவும் தயங்குகிறோம்.

ஆண்டவர் யவீருவின் வீட்டுக்குப் போனபோது செய்ததையும் கவனியுங்கள். வீடு நிறைய ஜனங்கள். அவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் தம்மோடிருந்த மூன்று பேரையும் மாத்திரம் கூட்டிக்கொண்டு பிள்ளையிருந்த இடத்துக்குப் போனார். எங்கள் குழந்தைகள் வார்டில் பார்வையாளர்களை வெளியே அனுப்பும்போது யாராவது கோபித்துக்கொண்டால், எங்கள் மூத்த சிஸ்டர் இந்தப் பகுதியைத்தான் சொல்லுவார்கள்.

இதுவரைக்கும் சொன்னது, வெளியே கொண்டுபோகக்கூடாத பிள்ளையைக் கொண்டுவந்ததைப் பற்றி. இனி, தாராளமாய் வெளியே விடவேண்டிய ஒரு பிள்ளையைப் பூட்டிவைத்த கதை.

பம்மல் பக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. கழுத்தில் நெறி கட்டி, பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. மருந்து ஆரம்பித்தாயிற்று. செய்தி தெருவில் பரவிற்று. பள்ளிக்கூடத்தில், "குணமான பிறகு அனுப்புங்கள்" என்றார்கள். வீட்டார் பயந்துபோய் அவளை உள்ளறையில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, தட்டும் டம்ளரும் தனியாகக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கிராமச் சேவை நர்ஸ் அந்த வீட்டுக்குப் போனபோது மூன்று மாதமாக அவள் வாசற்படி தாண்டியிருக்கவில்லை. நர்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே அதே அறையின் மூலையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. தாத்தா. தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். "அவருக்கு எப்பவும் இருக்கிற இருமல்தான் சிஸ்டர்" என்றார்கள். சளியைப் பரிசோதித்தபோது காசநோய்க் கிருமி இருந்தது.

பிள்ளையிடமிருந்து ஊருக்கு ஒட்டும் என்று பயந்து பூட்டினார்கள். பிள்ளைக்கு ஒட்டவைத்தவரோ அந்தப் பூட்டின அறைக்குள்ளேயே இருந்தார். கழுத்து நெறியிலுள்ள காசநோய் காற்றில் பரவுவதில்லை. நுரையீரலில் காசநோய் வந்த சிறு பிள்ளைகளும்கூடப் பொதுவாய் மற்றவர்களுக்குப் பரப்புகிறதில்லை. அவர்கள் சளியில் கிருமி குறைவு, இருமலுக்கும் பலம் போதாது. பெரியவர்களைப் போல நுரையீரலில் குழி விழுந்த பெரிய பிள்ளைகளின் காரியம் வேறு. ஆனால் அவர்களும் தக்க மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் பரப்பும் நிலையைத் தாண்டிவிடுகிறார்கள். ஆகவே சிறு பிள்ளைக்குக் காசநோய் என்று கேட்டவுடன், "வெளியே விடலாமா" என்று கேட்பதற்கு முன், "வீட்டில் யார் இருமுகிறார்?" என்று கேட்கவேண்டும்.

தாம்பரத்தில் குடியிருக்கிற நாம் இதை மறந்தது ஆச்சரியம். நம்முடைய ரயில் நிலையம் ஒன்றுக்கே சானடோரியம் என்றுதான் பெயர். டாக்டர் சௌரிமுத்து என்ற தமிழர் இங்கிலாந்தில் வெல்ஸ் நகரத்துக்கு அருகே மெண்டிப் மலையில் காசநோய் மருத்துவமனை நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917-ஆம் ஆண்டில் அங்கே சில காலம் சிகிச்சை பெற்றார். அந்த டாக்டரே 1928-இல் தாம்பரத்தில், நகரத்தின் நெரிசலுக்கு அப்பால், சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நடந்து வருகிறது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. திறந்த வெளியும், சுத்தக் காற்றும், சத்துள்ள ஆகாரமும், ஓய்வுமே அப்போது சிகிச்சை. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து கட்டின மருத்துவமனையிலும் இந்த முறையே. நோயாளியை வெளியே கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். நாம் அறைக்குள்ளே கொண்டுபோய் ஜன்னலைச் சாத்துகிறோம். காற்று மாத்திரம் காசநோயைக் குணமாக்காது என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனால் திறந்த ஜன்னலும் வெயிலும் கூட இருக்கிறவர்களைக் காப்பாற்றும் என்பது இன்றைக்கும் உண்மை.

பின்பு மருந்துகள் வந்தன. அப்போதும், "நோயாளியை வீட்டில் வைத்தால் குடும்பமே கெட்டுவிடும்; சானடோரியத்தில்தான் வைக்கவேண்டும்" என்று எல்லாரும் நம்பினார்கள். அத்தனை பேருக்கும் கட்டில் எங்கே இருந்தது? 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியாரை நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். மற்றப் பகுதியாரைச் சானடோரியத்தில் வைத்து அதே மருந்தை நல்ல ஆகாரத்தோடும் ஓய்வோடும் கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஒரு வருட முடிவில் இரு பகுதியாரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். வருடக்கணக்காய்த் தொடர்ந்து பார்த்ததிலோ, வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு மற்றவர்களைவிட அதிகமாய் நோய் வரவில்லை. ஒட்டவேண்டியது பெரும்பாலும் மருந்து ஆரம்பிக்கும் முன்னரே ஒட்டியிருந்தது. நம்முடைய சென்னை நகரத்துக் குடிசைகளிலிருந்து கற்ற இந்தப் பாடத்தினால், எத்தனையோ தேசங்களில் காசநோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல் குணமானார்கள்.

பம்மல் தாத்தா ஆறு மாத மருந்தை முடித்துவிட்டார். மருந்து அரசாங்கத்தால் இலவசமாகவே கிடைத்தது. அந்த வீட்டிலிருந்த இரண்டு வயதுத் தம்பிக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்து, வராமல் தடுக்கும் மருந்து கொடுத்தோம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இது தவறாமல் வேண்டும். சிறுமியின் பள்ளிக்கு எங்கள் டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். கடிதம் போதவில்லை, நேரிலே போனார். தலைமையாசிரியை அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளே அனுப்பச் சொன்னார்கள்.

மற்ற வியாதிகளைச் சுருக்கமாய்ச் சொல்லி முடிக்கிறோம். சின்னம்மையில் கொப்புளம் எழும்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே பரவும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை வீட்டில் இருக்கவேண்டும். கர்ப்பிணிகளும், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களும் இருக்கும் இடத்துக்கு முக்கியமாய்க் கொண்டுபோகக்கூடாது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் கண்டு ஐந்து நாள். கக்குவான் இருமலுக்கு, தக்க மருந்து ஆரம்பித்து ஐந்து நாள். மருந்தில்லாவிட்டால் மூன்று வாரம். கைக்குழந்தைகளுக்குக் கக்குவான் எமன். அதனால் இருமுகிற அக்காவும் அண்ணனும் தொட்டிலண்டை போய் முத்தமிட வேண்டாம். எச்.ஐ.வி. உள்ள பிள்ளையைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது காற்றிலும், விளையாட்டிலும், ஒரே தட்டில் சாப்பிடுவதிலும் பரவாது. அந்தப் பிள்ளையை அடைத்துவைக்க ஒரு காரணமும் இல்லை.

ஆலயத்துக்கு? இதை எழுதினால் சிலர் எங்கள்மேல் வருத்தப்படக்கூடும். காய்ச்சலுள்ள பிள்ளையை ஞாயிறு ஆராதனைக்குத் தூக்கிவந்து போதகர் ஐயாவிடம் கை வைத்து ஜெபிக்கக் கேட்பது நம் சபைகளில் வழக்கம். அந்த விசுவாசத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் யாக்கோபு தம் நிருபத்தில் சொல்லும் ஒழுங்கு என்ன? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்கவேண்டும் என்பதே. வியாதியுள்ளவன் இருக்கிற இடத்துக்கு மூப்பர் போகிறார்கள். போதகர்களே, மூப்பர்களே, சொல்லியனுப்பினால் தயவாய் வீட்டுக்குப் போங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் வருகைப் பதிவுப் பரிசை வியாதிக்காக வராத பிள்ளைக்கு மறுக்கவேண்டாம். அந்தப் பரிசுக்காகவே சிவந்த கண்ணோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம்.

தடுப்பூசிகளை மறவாதிருங்கள். தட்டம்மை ரூபெல்லா ஊசி ஒன்பதாம் மாதம் முடிந்து ஒருமுறை, ஒன்றரை வயதையொட்டி மறுமுறை. 2017-இல் நம் மாநிலத்தில் இந்த ஊசி பதினைந்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குப் போடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி மறுத்தவர்களில் நம் சபையாரும் இருந்தார்கள். இன்னும் ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்குத் தன் சொந்த ஊசியின் பாதுகாப்பு இல்லை. சுற்றிலும் இருக்கிற நாம் போட்டுக்கொண்ட ஊசியே அதற்கு வேலி.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பின் நாங்கள் செய்ததையும் உங்களுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியைக் கொண்டு, மருத்துவமனையின் கீழ்ப்புறச் சுவரில் தனி வாசல் திறந்து, அங்குள்ள வேப்பமரத்தடியில் நான்கு பெஞ்சுகளை எட்ட எட்டப் போட்டிருக்கிறோம். காய்ச்சலோடு தடிப்போ, சிவந்த கண்ணோ, விடாத இருமலோ உள்ள பிள்ளைகள் அங்கேயே காத்திருப்பார்கள். டாக்டர் அங்கே வந்து பார்க்கிறார். மழை வந்தால் மாத்திரம் திண்டாட்டம்; நனையாதபடிக்கு எல்லாரையும் உள்ளே அழைக்கவேண்டியதாகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அங்கே பக்கச் சுவரில்லாத ஒரு கூரை போட விரும்புகிறோம். இதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், ஏவப்படுகிறவர்கள் உதவுங்கள்.

கீழ் வாசலில் ஒரு மணி தொங்குகிறது. பிள்ளையோடு வருகிறவர்கள் அதை அடித்துவிட்டு மரத்தடியில் உட்காரலாம். ஐந்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் தயங்காமல் மறுபடியும் அடியுங்கள்.